எபோகா: பூச்சிய நொடி

2014 மார்ச் 3
தொலைநோக்கிக் கணினியின் கடிகார மின்கலம் செத்துவிட்டதென்று மூன்றாம் முறையாக எழுதிக் கொடுத்தேன். வானாய்வக இயக்குநர் நசீமோவ் படிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தை அதன்மேல் வைத்தார்.

மார்ச் 6
எர்காஷ் இறந்துவிட்டான். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தொலைநோக்கிக்கு எண்ணெய் போட்டவன். மின்சாரம் போயிருந்த நேரத்தில் ஏணியில் ஏறினான். மின்சாரம் வந்தது, சில நிமிடத்தில் பத்து டன் இரும்பு எச்சரிக்கை மணியடிக்காமல் திரும்பி அவனைச் சுவரோடு அரைத்தது. விலா ஒடியும் ஓசை கேட்டது. ஏணியில் ஒரு செருப்பு மட்டும் நின்றது.

மார்ச் 8
நசீமோவின் அறிக்கை: "குடிபோதையில் அனுமதியின்றி ஏறினார்." எர்காஷா! வோட்கா வாடைக்கே குமட்டுபவன். அவன் மனைவி ஒய்தின் மாத இறுதிக்குள் மலைக்குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கள் வழக்கப்படி இடுப்பில் துண்டு கட்டித் துக்க வாசலில் நின்றோம். நசீமோவ் வந்து நெடுநேரம் பிரார்த்தித்தார். ஒய்தின் தேநீர்க் கெண்டியை அவர் முகத்தில் வீசினாள். "எம் புருஷன் குடிகாரனா? நாக்கு அழுகிடும்டா உனக்கு!" அவர் புருவம் பிளந்தது. எவரும் துடைத்துவிடவில்லை.

மார்ச் 10
மார்ச் 6-க்கான கணினிப் பதிவு அழிக்கப்பட்டிருக்கிறது. கேட்டேன். "என்ன ஷவ்கத் அண்ணே, வானத்துல குத்தவாளி தேடுறீங்களா?" என்று சிரித்தான் நசீமோவ். வெளியே அவன் ஓட்டுநர் சக்கரம் கழற்றும் கம்பியால் என் வலக்கையை உடைத்தான். "இந்தக் கைதானே எழுதுது, புரொபசர்?"
இதை இடக்கையால் எழுதுகிறேன்.

மார்ச் 11
அவனைக் கொல்வதை நாள் முழுதும் ஒழுங்காகத் திட்டமிட்டேன். கண்ணாடி தேய்க்கும் எஃகுத் தட்டு. நெற்றியில். எத்தனை அடி வேண்டும் என்றுகூட— அப்போதுதான் உறைத்தது. செத்த மின்கலத்தோடு எழும் கணினிக்கு இன்றைய தேதி எப்படித் தெரியும்? அது தன் எபோகாவிலிருந்து, 1970 ஜனவரி 1, பூச்சிய நொடியிலிருந்து எண்ணும். அந்நாளின் வானத்தில்தான் விண்மீனைத் தேடித் திரும்பியிருக்கிறது. அந்நாளின் பெயரில்தான் பதிவும் எழுதியிருக்கும்.
நசீமோவ் சுவர் நாட்காட்டியைப் பார்த்து மார்ச் 6 பதிவை மட்டும் அழித்திருக்கிறான். எந்த விண்மீன் அட்டவணையிலும் முதல் வரியில் எபோகாவைப் பார் என்று மாணவர்களை அடிக்காத குறையாகச் சொல்லும் வானியலாளன்!

மார்ச் 12
1970 ஜனவரி 1 பதிவு இருக்கிறது.
00:04:10 பாதுகாப்புப் பூட்டு நீக்கம். பயனர்: நசீமோவ்.
00:04:31 நகர்வு ஆணை. பயனர்: நசீமோவ்.
00:04:58 மோட்டாருக்குத் தடை.
அன்று வந்திருந்த தாஷ்கண்ட் விருந்தாளிக்கு வேடிக்கை காட்டத் தன் அறையிலிருந்தே இயக்கியிருக்கிறான்.

மார்ச் 17
1970 தேதியிட்ட பதிவைப் பார்த்து அரசு வழக்குரைஞர் சிரித்தார். "எபோகான்னா யுகம்தானே? எழுபதுல நீங்க அரைக்கால் சட்டை போட்டிருப்பீங்க, புரொபசர்!" விளக்கினேன்: கிரேக்கரிடம் அது பிடித்து நிறுத்துதல். ஓடும் வானத்தை ஒரு கணத்தில் நிறுத்தி விண்மீனின் இடத்தைக் குறித்தோம். அந்தக் கணத்துக்கு அந்தப் பெயர். கணினிக்காரர்கள் தம் முதல் நொடிக்கு அதையே வைத்தார்கள். யுகம் என்பது பின்னால் ஒட்டிய பொருள்.
தாளில் விரல் வைத்தார். "இந்தத் தடைங்கிறது?"
"எர்காஷ்."
அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 30
நசீமோவின் அறைக் கதவில் அரக்கு முத்திரை. ஒய்தின் வீட்டுக் கொடியில் துணி காய்கிறது. புதிய மின்கலத்தை இடக்கையால் பொருத்தினேன்; வலக்கை இனித் திருப்புளி பிடிக்காது.
ஒய்தின் வந்தாள். "அவரு எத்தனை மணிக்குப் போனாரு அண்ணே? கல்லுல செதுக்கணும்."
மின்சாரம் திரும்பியது 11:20-க்கு என்கிறது துணைமின்நிலையப் பதிவு. அதோடு 00:04:58-ஐக் கூட்டிச் சொன்னேன்: பதினொன்று இருபத்துநான்கு, ஐம்பத்தெட்டு நொடி.
"நொடியும் வேணுமா அண்ணே?"
"வேணும்மா."