களத்தை விட்டு வெளியே

அன்புள்ள கேப்டன் அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே பிள்ளைகள் நலம். அட்டைப்பெட்டிக் கம்பெனியும் ஏதோ ஓடுகிறது. என் வீட்டுக்காரர், உங்கள் தோழர்தான் நலமாக இல்லை.

நாட்டுக்காக ரக்பி ஆடிய பதினோரு வருடத்தில் தலையில் எத்தனை அடி விழுந்தது என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் எவன் சார் எண்ணினான்?" என்று இவர் சிரித்தார். இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று அடுத்துக் கேட்டதும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. மைதானத்தில் அடிபட்டு விழுந்தால் இதே கேள்விகளைக் கேட்பார்களாம். தப்பாகச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களாம். நீங்கள் இடப்பக்கத்தில் மண்டியிட்டு விடையை முணுமுணுப்பீர்களாம். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு வருடமாகக் கம்பெனியில் நானும் அதையேதான் செய்கிறேன். வருகிறவர்களின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறேன். மனிதருக்கு மரியாதை போய்விடக் கூடாதே என்று பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை, மெக்கானிக் கையை விட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வெட்டும் இயந்திரத்தை இவர் ஓடவிட்டுவிட்டார். மேஸ்திரி பாய்ந்து நிறுத்தியதால் இரண்டு விரலோடு போயிற்று. இல்லையென்றால் கையே போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மெக்கானிக் என்னைத் தேற்றுகிறார், "முதலாளி வேணும்னா செஞ்சாரு? விடுங்கம்மா" என்று. இவருக்கோ நடந்ததே நினைவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நிற்கிறார்.

நான் சொல்லியும் கேட்கவில்லை, மகள் அழுதும் கேட்கவில்லை. "கேப்டன் வந்து வெளிய போடான்னு சொல்லட்டும், போறேன்" என்கிறார். ஒரே ஒரு முறை வந்து அவர் தோளைத் தொட்டு, போதும் என்று சொல்லுங்கள். இன்னொருவர் கை போவதை என்னால் பார்க்க முடியாது.

அண்ணா, இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இது நான் உங்களுக்குப் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் வார்த்தை மாறாமல் ஒரே பதில்தான் வந்தது: "இப்போதுதான் விஷயம் தெரிந்தது அம்மா, உடனே கிளம்பி வருகிறேன்."

படித்ததும் இதை அண்ணியின் கையில் கொடுத்துவிடுங்கள். வரும்போது அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து தனியாக மட்டும் கிளம்ப வேண்டாம்.

நீங்களாவது நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கை