மாமாவுக்கு வந்த லிஃப்ட்டும் உனக்கு வந்த திரைச்சீலைக் கடையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ சுகம், உன் மாமா மட்டும் பரம சுகம். உனக்குச் சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் கோபம்தான் வந்தது. திரைச்சீலைக் கடையில் கூப்பிட்டு வேலை தருகிறார்கள், வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுக்க வேண்டுமாம், நீ வேண்டிக்கொண்டதோ வீட்டு உள்அலங்கார அலுவலகத்தில் உட்கார்ந்து வரைகிற வேலையாம், அதனால் ஆண்டவன் வேறு வழி திறக்கும்வரை பொறுத்திருப்பாயாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். போனில் உனக்கு இந்தப் பாடத்தை நடத்திய மகான் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த மகான் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனி மூடியதிலிருந்து நம் வீட்டு சோபாவில்தான் வாசம். காலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடி ஆண்டவனிடம் வேலை கேட்பார். கேட்கும்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று போனை அணைத்துவிடுவார், பிறகு போட மறந்துவிடுவார். வேலை கொடுக்கிறவன் எதில் கூப்பிடுவான் என்று கேட்டால், "அவன் நெனச்சா எப்படியும் வந்து சேரும் அத்தான்" என்பார். எங்கேயும் ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. சோபாவில் குழி விழுந்ததுதான் மிச்சம்.

போன மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் நடுவழியில் நின்று, சாப்பாட்டு வண்டியோடு சமையல்கார அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாராம், இப்போது அங்கே காவலுக்கு இருக்கும் பழைய கம்பெனிக் காவலாளி உன் மாமா பேரைச் சொன்னாராம், மாமா போன் அணைந்திருந்ததால் என் எண்ணைக் கொடுத்தாராம், உடனே வந்தால் நல்லது, சரிப்பட்டால் வேலையும் உண்டு என்றார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். துரை ஒரு கண்ணைத் திறந்து எத்தனை மாடி என்று கேட்டார். மூன்று என்றேன். "நான் இருபது மாடி பாத்தவன் அத்தான், எனக்கு அவன் வெச்சிருக்கறது இது இல்ல" என்று திரும்பவும் மூடிக்கொண்டார். ஆண்டவனுக்கே மாடிக் கணக்கோடு ஆர்டர் கொடுத்திருக்கிறார் பார். உன் அம்மா அவர் கருவிப் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். "அங்க ஒருத்தி உள்ள மாட்டிக்கிட்டுத் தவிக்கறா, நீ கண்ண மூடிக்கிட்டு யாரைடா தேடற" என்றாள். போனார், அந்த அம்மாவை வெளியே எடுத்தார். இப்போது அங்கே லிஃப்ட், சக்கர நாற்காலி, கட்டில் எல்லாம் அவர் பொறுப்பு. சாயங்காலம் வந்து, ஆண்டவன் வழி திறந்ததைப் பார்த்தீர்களா என்று எனக்கே பிரசங்கம். போனை எடுத்தவன் நான், துரத்தியவள் உன் அம்மா, பேர் மட்டும் அவர் வேண்டுதலுக்கு.

ஆனால் ஒன்று, இதை அவரிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும். இத்தனை நாள் கழித்து அந்தக் காவலாளிக்கு இவர் ஞாபகம் எப்படி வந்தது, என் எண் எப்படி அவரிடம் இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. அனுப்பியது ஆண்டவன்தான் என்றால் நான் மறுக்கமாட்டேன். என் எரிச்சல் அவன்மேல் இல்லை. வந்ததை முகம் கொடுத்துப் பார்க்காமல், நான் கேட்டது இது இல்லை என்று திருப்பி அனுப்புகிற உங்கள் இரண்டு பேர்மேல்தான். படித்த பெண் அளவு நாடா பிடித்தால் விரல் தேய்ந்துவிடுமா? நாலு வீட்டுக்குள் போனால்தானே நாலு பேருக்கு உன் கைவேலை தெரியும்.

நானும் வேண்டிக்கொள்கிறவன்தான், வெளியே சொன்னதில்லை. அங்கே உனக்கு எதுவும் சரிப்படாமல் நீ எங்களிடமே திரும்பி வந்துவிட வேண்டும் என்றுதான் தினமும் கேட்டேன். வந்தது இந்தத் திரைச்சீலைக் கடை. இனி உன்னை எப்போது பார்ப்பேனோ. நானே அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன், வேண்டாம் என்று சொல்ல நீ யார்?

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், ஆண்டவன் கூடவே இருக்கட்டும். மாதக் கடைசிவரை இழுக்காமல் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கடைக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிடு.

நீ வருவாய் என்று காத்திருந்து, இப்போது வர வேண்டாம் என்று எழுதும்
உன் அப்பா