எதிர்மலையில் நான் இல்லை

ஐப்பசி 14, செவ்வாய்

கொழும்பிலிருந்து மகன் கோல் எடுத்தான்.

"சித்தப்பாவ பாக்கப் போயிருந்தீங்களாப்பா? ரொம்ப சந்தோஷம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பகல் முழுக்க தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் கோவாச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.

"எவன்டா சொன்னான்?"

"உங்க போன் இருக்கிற இடத்த என் போன் காட்டுது. எதிர்மலையில, சித்தப்பா லயத்துகிட்ட, ரெண்டு மணிநேரம்."

"அப்பன் பேச்ச நம்ப மாட்ட, அத நம்புவியா?"

நான் கத்திய பிறகுதான் விளக்கம் சொன்னான். நாம் யாரோடும் பேசாவிட்டாலும், சட்டைப்பையில் கிடக்கிற போன் கோபுரங்களின் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அதை வைத்து நாம் இருக்கும் இடத்தைத் தானாகவே கணித்துக்கொள்ளுமாம். எங்கள் பக்கம் கோபுரம் இல்லை, எதிர்மலையில்தான் இருக்கிறது. அதனால் நானும் அங்கேயாம்!

முன்பு தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் நான் மாட்டுப்பட்டியில் ஒளிந்திருந்ததைப் போலீசுக்குச் சொன்னவன் என் தம்பி. நாற்பது வருஷமாக அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. இப்போது எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறானாம். "ஒரு தடவ போய்ட்டு வாங்களேன்ப்பா" என்று மகன் கெஞ்சினான். அப்படியே வைத்துவிட்டேன்.

போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருக்கிறேன். அங்கிருந்தும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும், சனியன். தம்பி காட்டிக்கொடுத்த இடத்திலாவது நான் இருந்தேன்.