நோயின் பெயரை எழுதக் கூடாது

சான் ஹிலாரியோ
16 ஆகஸ்ட் 2004

பெர்லி,

நம் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரை மூடியது அரசாங்கம் அல்ல, நீ. வெள்ளிக்கிழமை என் கையாலேயே பூட்டுப் போட்டேன். வயிற்றைத் திறக்க நான் இருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்க நீ இல்லை. மயக்கம் கொடுக்காமல் கத்தி வைத்தால் போலீஸ்தான் வரும்.

தலைமை நர்ஸ் ஜோவிட்டாவின் வாயைக் கேட்கணுமே. "தியேட்டர சும்மா ஏன் போடணும் டாக்டர்? படம் ஓட்டலாம். டிக்கெட் நான் கிழிக்கிறேன்" என்கிறாள். வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனி, ஞாயிறு மட்டும்தான் நர்ஸ் வகுப்பு என்று சொல்லித்தானே சேர்ந்தாய்? இப்போது வார்டு பயிற்சி, சம்பளமில்லா விடுப்பு, இலோய்லோ நகரத்திலேயே ஜாகை. அமெரிக்காக்காரனுக்கு நம் ஊர் டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டும். அவனுக்காக நாற்பத்து நான்கு வயதில் நீ குறுக்கு வழியில் நர்ஸாகிறாய். நான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே?

நம் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் டோட்டிங்கின் மனைவி அனலின் மறுபடி உண்டாகியிருக்கிறாள். வாசலில் சீனிப்பாகு வாழைப்பழம் விற்பாளே, அவள்தான். முதல் பிள்ளையை நாம்தானே வயிற்றைத் திறந்து எடுத்தோம்? "டாக்டரம்மா வந்துருவாங்கல்ல? முதுகுல அவங்க ஊசி போட்டா வலிக்கவே வலிக்காது" என்று தினமும் கேட்கிறாள். டிசம்பர் கடைசியில் பேறுகாலம். என்ன சொல்லட்டும்?

டோட்டிங் கையில் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். கோபம் உன்மேல்தான், உன் வயிற்றின்மேல் இல்லை.

ரோமி

*

இலோய்லோ
29 ஆகஸ்ட் 2004

அன்புள்ள ரோமி,

கருவாட்டை வறுத்ததும் விடுதி முழுக்க ஆள் கூடிவிட்டது. இதய டாக்டர் ஒருவர், கண் டாக்டர் இருவர், மூளை டாக்டர் ஒருவர். எல்லோரும் என் வகுப்பு மாணவர்கள். எல்லோருக்கும் மூக்குக் கண்ணாடி.

சிரிப்பாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். போன வாரம் எங்களுக்குப் படுக்கை விரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். விரிப்பின் மூலையை மடித்துச் செருக வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது. மிஸ் கிளாரிஸ், எங்கள் ஆசிரியை, இருபத்து நான்கு வயது. இதய டாக்டரிடம், "சார், இது பொட்டலமா, படுக்கையா?" என்றாள். அந்த மனுஷன் மூன்று தடவை பிரித்து விரித்தார்.

அது கூடப் பரவாயில்லை. நோயின் பெயரை எழுதக் கூடாது, ரோமி. அதுதான் இங்கே சட்டம். நோயைச் சொல்வது டாக்டர் வேலையாம். நிமோனியா என்று நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே தெரிகிறது. ஆனால் தாளில் 'சுவாசம் போதவில்லை' என்றுதான் எழுத வேண்டும். நான் பழக்க தோஷத்தில் நிமோனியா என்று எழுதிவிட்டேன். சிவப்பு மையில் அடித்து, எல்லோர் முன்னாலும், "இங்க நீங்க டாக்டர் இல்ல. இன்னொரு வாட்டி எழுதினா இந்தப் பருவம் முழுக்கத் திரும்பப் படிக்கணும். டாக்டர்னு யார்கிட்டயும் சொல்லிக்கவும் கூடாது" என்றாள்.

ஒரு பருவம் போனால் ஒரு வருஷம் போச்சு. என் பையன்கள் இருவரும் கல்லூரியில். அவர்கள் அப்பா கப்பல் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நம் சம்பளம் எந்த மாதம் ஒழுங்காக வந்தது? கோழியும் பப்பாளியும் வாங்கிக்கொண்டே இருபது வருஷம் வைத்தியம் பார்த்தேன். தியேட்டரை மூடியது நான் என்கிறாய். என்னைத் துரத்தியது யார் என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லையா?

அனலினிடம் சொல்: டிசம்பர் விடுமுறைக்கு வருவேன். ஊசி நான்தான் போடுவேன்.

பெர்லி

*

சான் ஹிலாரியோ
22 நவம்பர் 2004

பெர்லி,

அவசரம். இது டோட்டிங் கையோடு வருகிறது. வேனில் பின்னால் அனலினும் வருகிறாள்.

கால் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. காலையிலிருந்து தலைவலி. "கண்ணுக்குள்ள பட்டாசு வெடிக்குது டாக்டர்" என்கிறாள். என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலிப்பைத் தடுக்கிற ஊசிமருந்து நம் அலமாரியில் தீர்ந்து வாரக்கணக்காகிறது. மாகாண அலுவலகத்துக்குப் போன் செய்தால், "கேட்டு எழுதி அனுப்புங்க" என்கிறான். எழுதித்தான் அனுப்பியிருக்கிறேன், மூன்று முறை.

நீ இங்கே இருந்திருந்தால் இந்நேரம் பிள்ளை வெளியே வந்திருக்கும். அதைப் பிறகு பேசுவோம். நீ பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். நாலு மணி நேரப் பாதை, போகமாட்டேன் என்று அழுதாள். நீ அங்கே இருக்கிறாய் என்றேன். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. "அப்ப சரி" என்று தானே ஏறி உட்கார்ந்தாள்.

பார்த்துக்கொள்.

ரோமி

*

இலோய்லோ
30 நவம்பர் 2004

அன்புள்ள ரோமி,

அனலின் போனது வருத்தமாக இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, ஆனால் ஒரே கட்டிலில் இரண்டு கர்ப்பிணிகளைப் படுக்க வைக்கிற நிலைமை. அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். குழந்தையாவது பிழைத்ததே. நான் அன்று அந்த வார்டில் கொஞ்ச நேரம்தான் இருந்தேன். கூட்டத்தில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. உன் கடிதம் மறுநாள்தான் கைக்கு வந்தது.

குழந்தைக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். டோட்டிங்கிடம் கொடுத்துவிடு. டிசம்பரில் கூடுதல் பயிற்சி வைத்துவிட்டார்கள். வர முடியாது.

பெர்லி

*

சான் ஹிலாரியோ
14 டிசம்பர் 2004

பெர்லி,

துணிப் பொட்டலத்தை டோட்டிங் பிரிக்கவில்லை. வேன் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நேற்றுத்தான் வாய் திறந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்கதான் வந்து பிரஷர் பார்த்தாங்க டாக்டர். வெள்ளை உடுப்பு, சின்னப் பொண்ணுங்க போடற மாதிரி. அனலினுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. 'இவங்க எங்க ஊரு டாக்டரம்மா'னு பக்கத்துப் பொம்பளைகிட்டச் சொன்னா. பின்னாடி ஒரு பொண்ணு, வாத்தியாரம்மா போல, 'யாரு டாக்டர்?'னு கேட்டுச்சு. அவங்க குனிஞ்ச தலை நிமிரல. 'ஆள் மாறிச் சொல்றாங்க மிஸ். நான் ஸ்டூடண்ட்'னாங்க. நான் உங்க லெட்டரை நீட்டினேன். சட்டைப்பைல வச்சிக்கிட்டாங்க, பிரிக்கல. தாள்ல என்னமோ எழுதினாங்க. விரிப்போட மூலைய நல்லா மடிச்சுச் செருகிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி ஆகறதுக்குள்ள வலிப்பு வந்திருச்சு."

கடைசியில் என்ன கேட்டான் தெரியுமா? "ஒரே முகத்துல ரெண்டு பேர் இருப்பாங்களா டாக்டர்?" கோபமே இல்லாமல் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டான்.

தாளில் என்ன எழுதினாய்? இனி உனக்குக் கடிதம் சுமக்க மாட்டேன் என்கிறான். அதனால் தபாலில் போடுகிறேன். பதில் போடு.

ரோமி

*

சான் ஹிலாரியோ
3 ஏப்ரல் 2006

பெர்லி,

போன கடிதத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் பதில் இல்லை. வகுப்பில் முதலாவதாகத் தேறினாய், நர்ஸ் தொப்பி வைத்து உறுதிமொழி எடுத்தாய், அமெரிக்காவுக்கு, ஹூஸ்டன் போய்விட்டாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். முகவரியும் அவர் கொடுத்ததுதான். இங்கிருந்து ஜோவிட்டாவும் போய்விட்டாள், லண்டனுக்கு. தியேட்டரில் இப்போது தேர்தல் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அனலினின் சின்ன மகள் நடக்கிறாள். டோட்டிங் அவளை வேனில் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறான்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டுகிற தகுதி ஜூன் மாதத்தோடு எனக்கும் போகப்போகிறது. என் மனைவி நர்ஸ் படிப்பு விண்ணப்பத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒரு மாதம் அதன்மேல்தான் தட்டு வைத்துச் சாப்பிட்டேன். போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே பள்ளி, அதே மிஸ் கிளாரிஸ். நான் போனபிறகு இந்த ஊருக்கு டாக்டர் இல்லை. டோட்டிங்கிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் என் காரைக் கழுவிக் கொடுத்தான்.

விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொள்வேன். நிமோனியாவைச் சுவாசம் போதவில்லை என்று எழுதவும் கற்றுக்கொள்வேன். மற்றதை மிஸ் கிளாரிஸ் கற்றுத்தர மாட்டாள். அதை நீதான் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குள் பட்டாசு வெடிக்கிறது என்று அனலின் உன்னிடமும் சொன்னாளா? என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் தாளில் வேறு எழுதினாயா? 'நீர் மிகுதி' என்றா? 'கவலை' என்றா? எழுதி முடித்த பிறகு அன்று இரவு சாப்பிட்டாயா?

ஜூன் முதல் திங்களன்று வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் எனக்குப் பதில் எழுது.

ரோமி