பென்சில் கோட்டுக்கு மேலே ஒரு விரல்

மேஸ்திரிக்கு,

குளியலறையில் தேங்கி நிற்கும் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். சோதனை மதியம்தான் முடியும். அதுவரை கீழ்வீட்டு அக்கா வீட்டில் குளித்துக்கொள்ளுங்கள், சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

சைட்டில் நீங்கள் போட்ட மூன்று வரிசை டைல்ஸை நான் உடைக்கச் சொன்னது தப்பில்லை. உங்கள் ஆட்கள் முன்னால் சொன்னது தப்புதான். அதற்காக, "நம்ம வீட்டு பாத்ரூம் நான் போட்டது. சோதிச்சுப் பாரு, ஒரு சொட்டு ஒழுகினா கொத்துக் கரண்டியைத் தூக்கிப் போட்டுடறேன்" என்று சவால் விட்டது யார்? தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியரிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா? நேற்றே தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சில் கோடு போட்டேன்.

காலையில் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது!

பன்னிரண்டு வருஷ சர்வீஸில் தண்ணீர் குறைந்து பார்த்திருக்கிறேன். குட்டி போட்டுப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஈர வாளி வேறு. தூங்குவதுபோல் நடித்தது போதும்.

சாவி செருப்பு ஸ்டாண்டில்.

பி.கு: கீழே போய், ஸ்டூல் போட்டு ஏறி அக்கா வீட்டு சீலிங்கைத் தடவினேன். பொட்டு ஈரம் இல்லை. அக்கா சிரித்தார்: "விடியறப்போ உன் வீட்டுக்காரரும் வந்து இதே ஸ்டூல்ல ஏறி இதையேதான் தடவினாரு."

இன்னொன்று: மேலே எழுதியதை விடுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு நம் வீட்டிலேயே குளிக்கலாம். குளியலறை பாஸ், மேஸ்திரி ஃபெயில்.

கரண்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று வரிசை இன்னும் பாக்கி.