அழுகிறவர்களிடம் நீ கேட்காதது

இன்று காலை பழைய மைக்குகளைத் துடைக்க எடுத்தேன். ஒன்றில் மாட்டியிருந்த பஞ்சைக் கழற்றியதும் வெற்றிலையும் புகையிலையும் கலந்த வாடை அடித்தது. உன் வாய் வாடை. நீ போய் இத்தனை வருடமாகியும் அந்தப் பஞ்சு அதை விடவில்லை. துடைப்பதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குப் பேச்சாளர்கள்மேல் பெரிய மரியாதை இருக்க முடியாது. கட்சிக் கூட்டம், கோயில் விழா, படத்திறப்பு என்று எத்தனையோ பேரை மேடைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். கீழே இறங்கியதும், ஜனங்களை எப்படி அழ வைத்தேன் பார்த்தாயா என்று என்னிடமே கேட்பார்கள். கூட்டம் அழத் தொடங்கினால் பயந்தவன் நீ ஒருவன்தான்.

காரணம் எனக்குத் தெரியும். கருவேப்பிலங்குறிச்சியில் குடிசைகள் எரிந்தபோது உதவி கேட்டுப் பேசினாய். அழுதுகொண்டிருந்த ஒரு பெண் காதுத் தோட்டைக் கழற்றி நீ ஏந்திய துண்டில் போட்டாள். கூட்டம் கைதட்டியது. மறுநாள் கன்னம் வீங்கிப்போய் உன் வீட்டு வாசலில் வந்து நின்றாள், தோட்டைத் திருப்பிக் கேட்டு. அதற்குள் அது விற்றுக் கைமாறியிருந்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாய். அழ வைத்த கூட்டத்திடம் அங்கேயே எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை மறுநாள்தான் கேட்பாய். இது கிறுக்குத்தனம் என்று உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நீ வெற்றிலையை மென்றுகொண்டே சிரிப்பாய்.

பீங்கான் கம்பெனியில் நீ அச்சு வார்க்கிற பகுதியில் இருந்தாய். என் தங்கை வீட்டுக்காரர் கல் அரைக்கிற ஷெட்டில் இருந்தார். அந்த ஷெட்டு ஆட்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும், புருவம்கூட வெள்ளையாக இருக்கும். இரும ஆரம்பித்தவர்களுக்கு டி.பி. மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை தீரும், இருமல் தீராது. அப்படி இருமியே செத்த ஒருவருக்குக் கருமாதியன்று படத்திறப்பு வைத்தார்கள். மைக் செட் என்னுடையது. பேசியது நீ.

செத்தவரைப் பற்றி நீ பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேலை விட்டதும் குழாயடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார், வெள்ளை முகத்தைப் பார்த்தால் பெண்குழந்தை பயந்துகொள்ளும் என்று மட்டும் சொன்னாய். பந்தலே அழுதது. தொழிற்சங்கத்து ஆட்கள் பின்னாலிருந்து என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். தூசியை இழுக்கிற மிஷின் வைக்கும்வரை யாரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது, இப்போதே எல்லோரையும் கைதூக்கச் சொல் என்றார்கள். நானும் வந்து உன் காதில் சொன்னேன். நீ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாய்.

"அழுவுறவங்ககிட்ட கேக்க மாட்டேன்யா. காலையில கம்பெனி வாசலுக்கு வரட்டும், கேக்கறேன்."

காலையில் பாதிப் பேர்கூட வரவில்லை. விடிவதற்குள் மேஸ்திரி தெருத்தெருவாகப் போய், வேலைக்கு வராதவனுக்குப் பதிலாகத் திட்டக்குடியிலிருந்து ஆள் இறங்கப் போகிறது என்று சொல்லிவிட்டிருந்தான். வந்தவர்களிடமாவது கொஞ்சம் சூடேற்றிப் பேசியிருக்கலாம். நீ என்ன பேசினாய்? டாக்டர் டி.பி. என்றுதான் எழுதியிருக்கிறார், தூசிதான் காரணம் என்பது என் நினைப்பு, கையில் சாட்சி இல்லை, வெளியே நின்றால் எத்தனை நாள் பட்டினி என்றும் தெரியாது, இவ்வளவும் தெரிந்து வருகிறவர்கள் மட்டும் கைதூக்குங்கள் என்றாய். என் தங்கை மாப்பிள்ளை கையைத் தூக்கினார். சுற்றும்முற்றும் பார்த்தார். இறக்கிக்கொண்டார். சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போனார்கள்.

சங்கத்தில் உன்னைக் கம்பெனியின் கைக்கூலி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பிறகு மாப்பிள்ளையும் இரும ஆரம்பித்தார். கடைசி மாதங்களில் அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அப்படியே ஒரு நாள் போய்விட்டார்.

கருமாதிக்கு நீ வந்தாய். உன்னைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் எல்லாம் விதி என்றும் வேளை என்றும் தங்கைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் உன்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கி பந்தல்லியே நீங்க கேட்டிருந்தா இவரு இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம்மா," என்றாய்.

ஊரையே பேசி மயக்கத் தெரிந்தவன், உனக்காக ஒரு சமாதானம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

நீ பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று கேள்விப்பட்டபோது அந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் உன் படத்திறப்புக்கு நானே வந்து மைக் கட்டினேன். உன் மனைவி என் தங்கையையும் பேசச் சொன்னாள். மேடையே ஏறாதவள், மைக்கை எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கி இவரு கேட்டிருக்கணும். அத நான் மன்னிக்கல," என்றாள். "ஆனா எங்க வூட்டுக்காரரு செத்தப்போ எங்கிட்ட உண்மையப் பேசினது இவரு ஒருத்தருதான்."

இதை உனக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் தங்கை மகன் அதே ஷெட்டில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னான். படிப்பு ஏறவில்லை, ஊரில் வேறு வேலையும் அமையவில்லை. உன்னைப்போலவே முதலில் உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். மிஷின் வைத்துவிட்டார்கள் மாமா என்றான். நிஜமாகவே வைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பிறகு அவன் அப்பா சுவரில் சாய்ந்தே தூங்கியதை, மூச்சுக்கு மூச்சு அவர் பட்ட பாட்டை, ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை வருடம் பேச்சாளர்களைக் கேட்டவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதா? பையன் தேம்பித் தேம்பி அழுதான். அழும்போதே கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால் காலைவரை பொறு என்றிருப்பாய். என்னால் முடியவில்லை.

இப்போது திருப்பூரில் இருக்கிறான். ஏமாற்றிச் சத்தியம் வாங்கிவிட்டதாக என்மேல் கோபம், போன் செய்தால் எடுப்பதில்லை. இருமல் கிருமல் ஒன்றும் இல்லை என்று தங்கை சொன்னாள்.