புதன்கிழமை என் முறை

தம்போய்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

உன் கணவன் ஜெயபாலன் எழுதுவது. இங்கு நான் நலம். இந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். நம் மகள் கஸ்தூரிக்குப் பிரசவ ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா? பேரன் இரவில் தூங்க விடுகிறானா?

பக்கத்து வீட்டுக் கமலநாதன் மகளுடைய பட்டமளிப்பு விழாவுக்காக வியாழக்கிழமை நீங்கள் இருக்கும் பெர்த்துக்குப் புறப்படுகிறார். கருவாடு கொடுத்தேன், ஏர்போர்ட் நாய் மோப்பம் பிடிக்கும் என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதத்துக்கு வாசனை கிடையாது என்பதால் இதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சாப்டீங்களா?" என்று கேட்டதும் என் வாய் தானாகப் பொய் சொல்லப் பழகிவிட்டது. காகிதத்தில் உன் முகம் தெரியாது. உண்மை சொல்ல அது வசதி.

போவதற்கு முன் மூன்று நாள் நின்று சமைத்து, இருபத்தொரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, திங்கள் செவ்வாய் என்று எழுதி ஒட்டி, பிரீசரில் அடுக்கிவிட்டுப் போனாயே. அதில் நான் சாப்பிட்டது நான்கு. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பெக்கான் நானாஸ் ஊரில் ஒரு கல்யாணம். சட்டையை இஸ்திரி போட ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். சட்டை மடிப்புக் கலையாமல் போய், பொண்ணு வீட்டுக்காரர்களோடு ஞாயிறு மாலைவரை அரட்டை அடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், வாசனை வாசலிலேயே வந்து வரவேற்றது. திரும்பச் செருகாத பிளக்கை அப்போதுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு "இன்னிக்கு சாம்பார் பிரமாதம்" என்று போனில் உன்னிடம் சொன்ன ஒவ்வொரு நாளும் நான் சாப்பிட்டது கடைச் சோறு. விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றப் போகும் முன் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக் இரண்டு பொட்டலம், கெட்டிப்பால் டீ தே தாரிக் இரண்டு கிளாஸ். மதியம் நெய் மினுக்கும் பரோட்டா, ரொட்டி சானாய். இரவு, நீ இல்லாத துக்கத்தில், எண்ணெயில் வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ். அந்தத் துக்கத்திலும் எனக்கு நன்றாகப் பசித்தது.

மூன்றாவது வாரம் பஸ் லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போனேன். வெறும் வயிற்றில் ஆறுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை பதின்மூன்று. நம் கஸ்தூரி வயதுதான் அந்த டாக்டருக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அங்கிள், இப்படியே இருந்தா நான் சைன் பண்ண மாட்டேன். எட்டுக்குக் கீழ கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். லைசென்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கையெழுத்து இல்லையென்றால் பஸ் இல்லை. இதை உன்னிடம் சொன்னால் மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பாய். வயிற்றில் தையலோடு பிள்ளையை வைத்துக்கொண்டு கஸ்தூரி என்ன செய்வாள்? அதனால்தான் சாம்பார் பிரமாதமாக இருந்தது.

விஷயம் தெரிந்தது என்னோடு பஸ் ஓட்டும் மூன்று பேருக்குத்தான். காலை ஷிப்டை இறக்கிவிட்டு டெப்போவில் காத்திருக்கும்போது பார்த்தேன். காளிதாசுக்குப் பிரஷர், ஐயாசாமிக்குக் கொலஸ்ட்ரால், வசந்தனுக்கு இரண்டும். நால்வரும் ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தினமும் சமைக்க யாருக்கும் நேரமில்லை. வாரத்தில் ஒரு நாள் என்றால் முடியும். நீ நம் தாமான் குடியிருப்புப் பெண்களோடு கூட்டுச் சீட்டு பிடிப்பாயே, எல்லோரும் போட்டு மாதம் ஒருத்தி எடுப்பதுபோல, அதையே பணமில்லாமல் சோற்றில் பிடிப்போம் என்றேன். ஒருவன் நான்கு பேருக்குச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். மற்ற நாள் அவனுக்கு மற்றவன் சமைப்பான். தட்டில் பாதி காய், கால்வாசி மீனோ பருப்போ, மிச்சம்தான் சோறு. இது டாக்டர் படம் போட்டுக் காட்டியது. வெள்ளிக்கிழமை யாருக்கும் அடுப்பில்லை. நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கலப்புச் சோற்றுக் கடைக்குப் போவோம், ஆனால் காயை முதலில் எடுத்துவிட்டுத்தான் சோற்றுப் பக்கம் திரும்ப வேண்டும்.

முதல் செவ்வாய் ஐயாசாமி முப்பது மசால் வடை கொண்டுவந்தான். கேட்டால், "பருப்புதானே லா, நீங்கதானே பருப்புன்னு சொன்னீங்க" என்கிறான். தள்ளி வைக்க மனமில்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டுத் திட்டினோம்.

என் முறை புதன்கிழமை. செவ்வாய் மாலை கங்கோங் கீரை, கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன், பச்சைப்பயறு வாங்கிவந்தேன். மீனை மஞ்சள் மிளகு தடவி எண்ணெய் இல்லாமல் சுட்டேன், நன்றாகவே இருந்தது. கீரையை அலச வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. காளிதாஸ் ஒரு வாய் வைத்தான், நறநறவென்று கடித்தான், "அண்ணே, கீரையில மண்ணு போட்டீங்களா, மண்ணுல கீரை போட்டீங்களா?" என்றான். டெப்போவில் இன்றுவரை என் பெயர் மண் அண்ணன்.

காலைச் சாப்பாட்டையும் மாற்றிவிட்டேன். ஞாயிறன்றே கொண்டைக்கடலை அவித்து ஐந்து சின்ன டப்பாவில் போட்டுவிடுகிறேன். காலையில் ஒரு டப்பா, இரண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா, ஸ்டியரிங் பக்கத்திலேயே. நாசி லெமாக் கடை கண்ணில் படுவதற்கு முன் கை அதில் பட்டுவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கேட்டதும் டீக்கடை மலாய்க்காரம்மா மக்சிக், வீட்டில் சண்டையா என்று கேட்டாள்.

அவள் பரவாயில்லை. எதிர்வீட்டு வெள்ளையம்மா அக்கா நான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பாயம் கீரைக் கட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறார். ஏழு வாரமாக நீ இல்லை, நான் கீரை வாங்குகிறேன். இரண்டையும் சேர்த்து, நீ என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று தாமான் முழுக்கச் செய்தி. ஆறுதலாக ஒரு தட்டு அதிரசம் கொண்டுவந்து, "மனச விட்றாதீங்க தம்பி" என்றார். இரண்டு சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று தொடங்கிய கடிதம்; மூன்று.

நேற்று கிளினிக் போனேன். எட்டு புள்ளி நான்கு. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தாள். இன்னும் எட்டு நாள் இப்படியே இருங்கள் என்று, லைசென்ஸ் படிவத்தை மேசை மேலேயே எடுத்து வைத்துக்கொண்டாள். பேனா மட்டும் பாக்கி. நீ டிக்கெட்டை மாற்ற வேண்டாம். உன் கைக்கு இது வந்த இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் கையெழுத்தே விழுந்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரே நாள் நான்கு பேருக்குச் சமைத்துவிட்டு, வியாழன் முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு திரிகிறேன். நம் வீட்டுக் கூட்டில் இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டே இருந்தது நீ. எடுக்கிற முறை உனக்கு ஒரு நாளாவது வந்ததா என்று பஸ் ஓட்டும்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

நீ வந்து இறங்கும் நாள் செவ்வாய். மறுநாள் புதன், என் முறை. அன்றைக்கு நான்கு பங்கு இல்லை, ஐந்து. நீ சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். குறை சொல்லலாம், தடையில்லை.

பேரனுக்கு என் முத்தம். பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். நீ நிதானமாக இருந்துவிட்டு, பத்திரமாக வந்து சேர். கீரையை மூன்று தடவை அலசி வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் ஜெயபாலன்